உங்களுக்குத் தெரியுமா? குறி பார்க்கக் கல்யாணப் பத்திரிகை போதும்!

● ஆத்தூர்ப் பக்கம் பலரும் முதன்முதலாகத் துப்பாக்கி பிடித்தது திருவிழாவில், பலூன் சுடும் கடையில்தான். பலூன் மலிவான குறி, சந்தேகமில்லை. ஆனால் ஓரத்தில் பட்டாலும் வெடித்துவிடும். கை எந்தப் பக்கம் விலகியது என்று சொல்லாது. அட்டை சொல்லும். அதனால்தான் பயிற்சிக்கு அட்டை.

● 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ.தான். பாயும் குண்டோ 4.5 மி.மீ.! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தக் கடுகளவுகூட இல்லாத புள்ளியைக் குறிவைத்துத்தான்.

● அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. தண்ணீர் பாட்டில் மூடியும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான். பரணில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். பளபளப்பில்லாத வெற்றுப் பக்கத்தில் மூடியை வைத்துக் கோடு இழுத்து, கறுப்பு மார்க்கரால் நிரப்பி, நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை விடுங்கள். நோட்டுத் தாள் வேண்டாம்: குண்டு பட்டதும் கிழிந்து பிசிறடிக்கும், எங்கே பட்டது என்றே தெரியாது. கெட்டி அட்டையில் பொத்தல் வட்டமாக விழும். தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். வீட்டில் 5 மீட்டர்தான் இடமா? வட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். கண்ணுக்கு அதே குறிதான்.

● அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் அட்டையைவிட முக்கியம். பலகையிலும் கருங்கல் சுவரிலும் பட்ட குண்டு உங்களை நோக்கியே திரும்பும். ஜவ்வரிசி மில் நிறைந்த ஆத்தூரில் சாக்குக்கா பஞ்சம்? சல்லடையில் சலித்த மண்ணை நிரப்பி அடுக்குங்கள். ஒரு கூழாங்கல்கூட உள்ளே இருக்கக் கூடாது.

● வில்வித்தைக்கு நம் வைக்கோல் புரியே போதும். புரியை நெருக்கமாகச் சுருட்டிச் சணலால் தைத்த வட்டத்தில் பல இடங்களிலும் வெகுகாலம் அம்பெய்து பழகினார்கள். மளிகைக் கடை அட்டைப்பெட்டிகளைப் பட்டை பட்டையாக வெட்டி, விளிம்பு முன்னால் தெரிய அடுக்கி, கயிற்றால் இறுக்கினாலும் அம்பு நிற்கும். அடுக்குகளின் உரசலே அதைப் பிடித்துக்கொள்ளும். 70 மீட்டர் போட்டியின் குறி 122 செ.மீ.; வீட்டுக் களத்தில் 18 மீட்டருக்கு 31 செ.மீ. வரைந்தால் சரி.

● 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் வில்வித்தையில் இரண்டு தங்கம் வென்ற ராஞ்சியின் தீபிகா குமாரிக்குச் சிறுவயதுக் குறி எது தெரியுமா? மரத்து மாங்காய். கல்லால் அடித்தே கண்ணைப் பழக்கினார்.

● மரத்து மைனாவும் வயல் கொக்கும் மட்டும் குறியாகவே கூடாது. அவற்றைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

● ஏர் கன் குண்டுகளில் பெரும்பாலானவை ஈயம். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சோற்றில் கை வையுங்கள்.