கைத்துப்பாக்கி யார் கைக்கு?

காயல்பட்டினத்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் இரத்தின வியாபாரி. வருஷத்தில் பாதி நாட்களைக் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் கழிப்பவர். ஊரில் அவருடைய மனைவியும், மனைவியின் உம்மாவும், பள்ளிக்கூடம் செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கின்றனர். "கற்பொட்டலத்துடன் பிரயாணம் செய்கையில் பிறர் கண்ணில் படாமல் இடுப்பில் வைத்துக்கொள்ளவும், இராக்காலத்தில் வீட்டைக் காக்கவும் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க எண்ணுகிறேன். ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா?" என்பது அவருடைய கேள்வி.

இதை நகைத்துத் தள்ளிவிடலாகாது. காயல்பட்டினம் மற்ற ஊர்களைப் போன்றதன்று. அங்கே பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டில் வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். ஆடவர் பொருள் தேடிக் கடல் கடந்து போவர். வீட்டை ஆள்வது பெண்மக்களே. அவர்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையே முடுக்குகள் என்னும் குறுகிய சந்துகளை அவ்வூரார் விட்டிருக்கிறார்கள். ஊருக்குள் போலீஸ் ஸ்டேஷன் இல்லை, ஆறுமுகநேரி ஸ்டேஷனே போதும் என்பது அவர்கள் பெருமையுடன் சொல்லிக்கொள்வது. அத்தகைய ஊரில் ஒருவர் கைத்துப்பாக்கியை நினைக்கிறாரென்றால், அந்த அச்சத்துக்கு நாம் மரியாதையுடன் விடை கூறவேண்டும்.

ஆயுதம் என்ற சொல் இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனியார், 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின் முதற்காரியமாகச் செய்தது பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்ததே. பின்னர் 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிற்று. வெள்ளையருக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியருக்கு வேண்டும் என்ற அவமானம் பல்லாண்டு நீடித்தது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் பிரயோகித்தது பிரௌனிங் பிஸ்டல் என்பதையும் இந்தச் சீமை மறக்கவில்லை. 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி சர்க்காருக்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. 1931-இல் கராச்சி காங்கிரஸ் இயற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது.

ஆயினும் சுயராஜ்யம் வந்தபின் நம் பிரதிநிதிகள் வேறு முடிவுக்கு வந்தனர். 1948 டிசம்பரில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அரசியல் சட்டத்தில் சேர்க்கவேண்டுமென்று எச். வி. காமத் கொண்டுவந்த திருத்தத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்கவில்லை. பறிக்கப்பட்டபோது உரிமை என்று கேட்டோம். ஆளும் பொறுப்பு நம்மிடம் வந்தபோது அதே பொருளை அனுமதிக்குரியது ஆக்கினோம். இதில் முரண் இல்லை என்பது நமது அபிப்பிராயம். அந்நியன் பிரஜைகள் அனைவரையும் சந்தேகித்து ஆயுதத்தைப் பறித்தான். சுதந்திர தேசமோ, பிரஜைகளே ஒருவரையொருவர் சுடாதிருக்கும் பொருட்டு வரம்பு கட்டுகிறது. இரண்டும் ஒன்றாகுமா?

நிற்க. இன்றுள்ள சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளுமே இன்று நடைமுறையிலிருப்பவை. மனு செய்பவருக்கு இருபத்தொரு வயது நிறைந்திருக்கவேண்டும். ஜில்லாவில் லைசென்ஸ் அளிக்கும் அதிகாரி கலெக்டர். போலீசார் விசாரித்து அறிக்கை தருவர். தொழிலின் தன்மையால் உயிரையோ உடைமையையோ காத்துக்கொள்ளும் மெய்யான தேவை உடையவரின் மனுவைக் கவனிக்கலாம் என்று விதி கூறுவதால், இரத்தின வியாபாரிக்குக் கதவு முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. ஆனால் ஆயுதத்தைக் கையாளும் பயிற்சி பெறவேண்டும். அதைப் பத்திரமாகப் பூட்டிவைக்க வசதியுண்டென்றும் காட்டவேண்டும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும்.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். ராணுவமும் போலீசும் கையாளும் 9 மில்லிமீட்டர் போன்ற விட்டமுள்ளவை சாதாரணப் பிரஜைக்குத் தடை செய்யப்பட்டவை. ஆகையால் கிடைப்பது பெரும்பாலும் .32 விட்டமுள்ளதே. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். ஒரு தோட்டா வெடிக்காவிடில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது முன்னால் வரும். பிஸ்டலில் தோட்டாக்கள் பிடிக்குள் அடுக்காக இருக்கும். தட்டையான வடிவானதால் உடையின் கீழ் மறைத்து வைப்பது எளிது. ஆனால் ஒரு தோட்டா சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கப் பழகிய கை வேண்டும். மேலும், அடுக்கைக் கழற்றிவிட்டோம், துப்பாக்கி காலியாயிற்று என்று எண்ணுகையில் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்து உயிரைக் குடிப்பதுண்டு. அதிகம் பழகாதவருக்கு ரிவால்வரே தக்கது என்று அறிந்தோர் சொல்வதன் காரணம் இதுதான். 2014-இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களை உத்தேசித்து 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம், குண்டு ஆறு, விலையோ சுமார் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய். டில்லியில் 2012-இல் கொடுமைக்குள்ளான பெண்ணின் நினைவில் பெயரிடப்பட்ட அந்த ஆயுதத்தை, அப்பெண்ணைப் போல் பஸ்ஸில் போகும் எந்தப் பெண்ணால் வாங்க முடியும்?

மறைத்து எடுத்துச் செல்வதைப் பற்றி விதி தெளிவாகவே இருக்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முற்றிலும் மூடப்பட்டு, உடையவரின் கட்டுக்குள் இருக்கவேண்டும். ஆனால் லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும்; அந்த எல்லையைத் தாண்டினால் உறையிலிருப்பதே குற்றச்சாட்டாகிவிடும். கொழும்புக்கோ ஹாங்காங்குக்கோ அதை எடுத்துச் செல்லும் பேச்சே இல்லை. அன்பர் ஆபத்து மிகுதியென்று கருதும் பிரயாணத்தில் துப்பாக்கி அவருடன் வராது. அன்றியும் கற்பொட்டலத்துக்குரிய பழைய பாதுகாப்பு, அது யாரிடம் இருக்கிறதென்று பிறர் அறியாமையே. இடுப்பில் புடைத்து நிற்கும் உறை, "இவரிடம் திருடத் தகுந்தது ஏதோ உண்டு" என்று பறைசாற்றுவதேயாகும்.

வீட்டின் விஷயம் இன்னும் கடினமானது. லைசென்ஸ் ஆளுக்கே உரியது, வீட்டுக்கு உரியதன்று. அன்பர் கடல் கடந்து போனால், லைசென்ஸ் இல்லாத மனைவியிடம் துப்பாக்கியை விட்டுச் செல்ல முடியாது; முறைப்படி ஒப்படைத்துவிட்டே போகவேண்டும். தேர்தல் வந்தாலோ, லைசென்ஸ் உடையவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்கவேண்டுமென்று உத்தரவு பிறப்பது வழக்கம். அன்பர் ஊரிலிருக்கும் நாட்களில் வீட்டில் ஆண் துணை உண்டு, துப்பாக்கியும் உண்டு. அவர் இல்லாத நாட்களில் இரண்டும் இல்லை. யாருக்காகக் காவல் தேடுகிறாரோ அவர்கள் தனித்திருக்கும் இரவுகளில் அந்தக் காவல் அங்கே இராது. அப்படியானால் எதை வாங்குவது என்பதற்கு முன், யார் கைக்கு என்ற கேள்வி எழவில்லையா? அவருடைய மனைவியே மனு செய்து, பயிற்சி பெற்று, தம் பெயரில் லைசென்ஸ் பெறச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் அந்த அம்மையாரின் விருப்பம் என்னவென்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் அமெரிக்காவின் அனுபவத்தையும் நோக்குவோம். அங்கே துப்பாக்கியால் மாளும் உயிர்களில் பாதிக்கு மேற்பட்டவை கள்ளர் கையாலோ பகைவர் கையாலோ போனவையல்ல. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவை. 1993-இல் கெல்லர்மன் என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சி, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நேரும் அபாயம் சுமார் 2.7 மடங்கு என்று கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் உறவினரோ அறிந்தவரோதான். அந்த ஆராய்ச்சியை மறுத்து வாதிப்போரும் அத்தேசத்தில் உண்டு. எனினும், கோபமும் மனச்சோர்வும் பிள்ளைகளின் குறும்பும் எல்லார் வீட்டிலும் குடியிருப்பவை என்பதை யார் மறுக்க முடியும்? கள்ளன் ஆயுளில் ஒரு நாள் வரலாம், வராமலும் இருக்கலாம். துப்பாக்கியோ ஒவ்வொரு நாளும் அலமாரியில் இருக்கும்.

தற்காப்புரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதை, பழைய பீனல் கோடில் இருந்தபடியே அவ்வுரிமையை வைத்திருக்கிறது. சூரிய அஸ்தமனத்துக்குப்பின் வீட்டை உடைத்துப் புகுபவனை எதிர்க்கையில் அவன் உயிர் போக நேரினும் சட்டம் காக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அவ்வுரிமையே எழாது. தோட்டத்துச் சுவரேறி ஓடுகிறவனை முதுகில் சுட்டவர், விடிந்ததும் திருடனைப் பிடித்தவராக அல்ல, கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கக்கூடும்.

ஆகையால் நாம் அன்பருக்குச் சொல்வது இது. கற்கள் வீட்டில் இரவு தங்கவேண்டாம். பாங்கு லாக்கரில் இருக்கட்டும். கதவுக்கு நல்ல பூட்டும், முடுக்கில் விளக்கும், அண்டை வீட்டாருக்குக் கேட்கும் அபாய மணியும் வையுங்கள். தெருவார் கூடி இராக்காவலுக்கு ஆள் அமர்த்துங்கள். இவையெல்லாம் செய்தபின்னும், குறிப்பிட்ட மிரட்டல் ஒன்று மெய்யாகவே இருந்தால், முதலில் போலீசில் எழுதிக் கொடுங்கள். பிறகு கலெக்டருக்கு மனு செய்யுங்கள். அப்போது வாங்குவது ரிவால்வராக இருக்கட்டும். துப்பாக்கி ஒரு பெட்டியிலும் தோட்டா வேறொரு பெட்டியிலும் பூட்டப்பட்டு, சாவி பிள்ளைகள் அறியாத இடத்தில் இருக்கட்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. அன்பர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, தமது வீட்டில் தனியே இரவைக் கழிக்கும் இரு பெண்மணிகளிடமும் உட்கார்ந்து, அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேட்கட்டும். அவர்கள் கேட்பது துப்பாக்கியாக இராது, அவரைத்தான் கேட்பார்கள் என்பது நமது துணிபு.