கொதிக்க வைத்தாலும் போகாது!



எங்க அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பாப்பாவுக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் பத்தவில்லை என்று பவுடர் பாலும் கொடுத்தோம். போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கலக்குவோம். பாப்பாவைப் பார்க்க வந்த நர்ஸ் அக்கா, "போர் தண்ணிய டெஸ்ட் பண்ணாம குடுக்காதீங்க" என்றார். "கொதிக்க வெச்சுத்தானுங்களே குடுக்கறோம்" என்று அம்மா சொன்னார்கள். அதற்கு அவர், "கொதிச்சா கிருமி சாகுமுங்க, நைட்ரேட் எங்க போகும்?" என்று கேட்டார்.

எனக்கு அது புரியவில்லை. அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம நாமக்கல் முட்டைக்குப் பேர் போன ஊர். முட்டை லாரி ஏறிப் போய்விடும், எரு இங்கேயேதான் கிடக்கும். கோழி எருவில் மாட்டுச் சாணத்தைவிட நைட்ரஜன் அதிகம். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகின்றன. பயிருக்கு வேண்டியதும் அதுதான். மிஞ்சினால்தான் வம்பு. களிமண் துகளுக்கும் எதிர் மின்சுமை, நைட்ரேட்டுக்கும் எதிர் மின்சுமை. ஒத்த மின்சுமைகள் விலக்கும் என்று படித்திருக்கிறோமே! அதனால் மண்ணால் அதைப் பிடித்து வைக்க முடியாது. மழை பெய்தால் கீழே இறங்கிவிடும். நம்ம பக்கம் அடியில் பாறை. அதன் வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரைத்தான் போர் உறிஞ்சுகிறது. யூரியா, செப்டிக் டேங்க் கசிவு, மாட்டுக் கொட்டகைக் கழிவு எல்லாமே இதே வழியில்தான் போய்ச் சேரும்.

நைட்ரேட்டுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் மட்டும் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கிவிடும். கைக்குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலந்தால், ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. உடம்பு நீலம் பாய்ந்துவிடும். இதற்குக் கிணற்றுத் தண்ணீர் நைட்ரேட்தான் காரணம் என்று 1945-ல் அமெரிக்காவின் அயோவாவில் காம்லி என்ற டாக்டர் எழுதினார். நம் நாட்டில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி 440 மாவட்டங்களில் சில இடங்களிலாவது இந்த வரம்பு தாண்டியிருக்கிறது.

எங்க போருக்குப் பத்தடி தள்ளித்தான் அப்பாரு எருக்குமி போட்டிருந்தார். சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருசமா இந்தத் தண்ணிதான் குடிக்கறோம், எங்களுக்கு என்னடா ஆச்சு?" என்றார். பெரியவர்கள் வயிற்றில் அமிலம் அதிகம், அதனால் நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா அங்கே அவ்வளவாகப் பெருகாது என்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார். 45-ஐத் தாண்டியிருந்தது. அந்தத் தாளை அப்பாரு இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியும்போதே மம்பட்டியோடு போய்க் குமியைக் காட்டின் அந்தக் கோடிக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டார். நானும் கூடை சுமந்தேன். அங்கே சிமெண்ட் தளம் போட்டுத் தார்ப்பாய் மூடியிருக்கிறோம்.

ஆனால் ஏற்கனவே இறங்கினது இறங்கினதுதான், உடனே குறையாதாம். அதனால் பாப்பாவுக்கு மட்டும் தினமும் காலையில் சைக்கிளில் ஒரு குடம் காவிரித் தண்ணீர் கொண்டுவருகிறேன். ஐப்பசி மழை முடிந்ததும் திரும்ப டெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். பாட்டிலை அப்பாருவே கழுவி வைத்திருக்கிறார்.