கருந்தோலுக்குள் ஒரு வெள்ளைத் திராட்சை

கோவையின் போத்தனூர் ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்திய வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பல வாரம் முன்பே ஒயினுக்கு ஜாடி ஏறிவிடும். நசுக்கிய கறுப்புப் பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை. வாயைத் துணியால் கட்டி மூலையில் வைத்தால் சில நாளில் வீடே மணக்கும். பழத்தைக் கடித்தபோது இவ்வளவு வாசனை இல்லையே?

இருந்தது, ஒளிந்திருந்தது. பன்னீர் திராட்சையின் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்கள். முன்னது கொத்தமல்லி விதையிலும் பின்னது ரோஜாவிலும் உண்டு. 'பன்னீர்' என்று பெயர் வைத்த மூக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் பழத்தில் இவற்றின் பெரும்பங்கு சர்க்கரையோடு கட்டுண்டு மணமற்றுக் கிடக்கிறது. புளிக்கும்போது நொதிகள் அந்தக் கட்டில் ஒரு பகுதியை அறுத்துவிடுகின்றன.

இந்த மணம் தாய்வழிச் சொத்தோ தந்தைவழிச் சொத்தோ, வந்தது ஒரு வெள்ளைத் திராட்சையிடமிருந்து. பன்னீர் என்பது ஊர்ப்பெயர், ஜாதகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்பு ரகமும், அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற வெள்ளை ரகமும் கலந்து பிறந்தது என்று டி.என்.ஏ. சோதனை உறுதி செய்தது. அந்த வெள்ளை மஸ்கட்டையும் சேர்த்துத்தான் தென் பிரான்சின் ரிவ்சால்ட் பகுதியில் இனிப்பு வெள்ளை ஒயின் செய்கிறார்கள்.

அப்படியானால் பன்னீர் ஏன் கறுப்பு? வெள்ளைத் திராட்சை உண்மையில் நிறம் தொலைத்த கறுப்புத் திராட்சை. நிறமியைத் தூண்டும் மரபணுவில் ஒரு 'தாவும் மரபணு' வந்து குந்திக்கொண்டது என ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். பிளாக் ஹாம்பர்க் பழுதில்லாத பிரதியைத் தந்ததால் பிள்ளை கறுப்பு.

தமிழகத்துக்குப் பன்னீரை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழிவழிக் கதை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீருக்கும் இதையே சொல்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பெயர் பெற்றது. பாதிரியார் கொண்டுவந்தது வேறு கொடியாக இருக்கலாம்.

பிரான்சில் குளிர்காலம் முழுக்கக் கொடி தூங்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கோவைப் பக்கத்துத் தொண்டாமுத்தூர்ப் பந்தலில் அதற்குத் தூக்கமே இல்லை. கவாத்து வெட்டினால் துளிர்த்து, சுமார் நான்கு மாதத்தில் பழம்.

நாம் பிதுக்கிச் சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புகிறோம். நிறமும் மணத்தின் நல்ல பங்கும் அந்தத் தோலில்தான். ஜாடிக்காரர்கள் தோலோடு போடுகிறார்கள்.