கர்ப்பிணிகளின் ஆகாரமும் வீட்டுப் பயறும்

மாமிசம் புசியாத குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வேண்டிய புரதச் சத்து, பருப்பு வகைகளிலிருந்தும் பாலிலிருந்துமே பெரும்பாலும் கிடைத்தாக வேண்டும். இச்சத்துக் குறையின் சிசு எடை குறைந்து பிறக்கக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் 2020-ஆம் வருஷத்திய கணக்குப்படி, ஸ்திரீகளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் தேவை. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மேற்கொண்டு 9.5 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் வேண்டும்.

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆகையால் இரண்டையுஞ் சேர்த்து உண்பதே சிலாக்கியம். வழக்கமான ஆகாரத்துக்கு மேல் 60 கிராம் பருப்பும் கால் லிட்டர் பாலும் கொண்டால், சுமார் 22 கிராம் புரதங் கிடைக்கும்.

காவேரிப் பாசனப் பகுதிகளில், சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் உளுந்தோ பச்சைப் பயறோ வயலில் தெளிப்பதுண்டு. மகசூல் முழுவதும் களத்திலிருந்தே விலைக்குப் போய்விடின், விளைவித்த வீட்டுக் கர்ப்பிணிக்கு ரசமுஞ் சோறுமே மிஞ்சும். நாலாம் மாதம் முதல் பிரசவம் வரை, நாளொன்றுக்கு 60 கிராம் வீதம் 12 கிலோ போதுமானது. அதை நன்றாய் உலர்த்தி, விற்பனைக்கு முன்னரே ஒதுக்கிவைத்தல் நலம். கிராம அதிகாரிகள் இதனை அறுவடைக் காலத்திலேயே குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.