டர்போ டீசல் என்ஜின்: அறிவோம், காப்போம்

டீசல் கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் நம் நாட்டில் ஏராளம். சிலர் சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். சிலர் கடன் வாங்கிக் கார் எடுத்திருக்கிறார்கள். கார் ஓடினால் வருமானம் உண்டு. கார் நின்றால் வருமானம் நின்றுவிடும். கடன் தவணை மட்டும் நிற்காது.

காரின் உயிர் அதன் என்ஜின். அது கெட்டால் செலவு பல ஆயிரம் ரூபாய். ஆனால் பெரும்பாலான கோளாறுகள் திடீரென்று வருவதில்லை. முன்கூட்டியே அடையாளம் காட்டும். அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால் செலவு குறையும்.

நம் நாட்டில் மிகுதியாக ஓடிய ஒரு டீசல் என்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 1.3 மல்டிஜெட். இத்தாலி நாட்டின் ஃபியட் நிறுவனத்தின் என்ஜின் இது. 2003-ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தியாவில் 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் காரில் வந்தது. பிறகு டிசையர், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ ஆகிய கார்களிலும் இடம்பெற்றது. ‘இந்தியாவின் தேசிய என்ஜின்’ என்றே இதற்குப் பட்டப்பெயர் உண்டு. ஹரியானாவில் மானேசரிலும் மகாராஷ்டிராவில் ரஞ்சன்காவிலும் இதைத் தயாரித்தார்கள். 2020 ஏப்ரல் முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதையொட்டி இங்கு இதன் தயாரிப்பு நின்றது. என்றாலும் பழைய கார்கள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. கை மாறி விற்பனையும் ஆகின்றன.

டீசல் எப்படி எரிகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். டீசல் என்ஜின் இந்த உண்மையை வைத்தே ஓடுகிறது. இதை உருவாக்கியவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர். 1897-இல் அவருடைய என்ஜின் நன்றாக ஓடிக் காட்டியது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்று அழுந்துகிறது. அதன் சூடு 500 டிகிரிக்கும் மேலே போகிறது. அந்த நேரத்தில் டீசல் உள்ளே பீய்ச்சப்படுகிறது. அது தானாகவே தீப்பிடிக்கிறது. பெட்ரோல் என்ஜினில் இருப்பது போல ஸ்பார்க் பிளக் தேவையில்லை.

டீசலைப் பீய்ச்சும் கருவிக்கு இன்ஜெக்டர் என்று பெயர். இந்த என்ஜினில் டீசலின் அழுத்தம் 1600 பார் வரை போகும். கார் டயரில் இருக்கும் காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு இது. ஆகவே ஓடும் என்ஜினில் டீசல் குழாயைத் தளர்த்தவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டர்போ என்றால் என்ன?

அடுப்பு நன்றாக எரிய ஊதுகுழலால் ஊதுகிறோம். காற்று கூடினால் தீ கூடும். டர்போ செய்யும் வேலையும் இதுதான்.

டர்போவில் ஒரே தண்டில் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுபக்கச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகும் புகையே வேலை செய்கிறது. அதனால்தான் சிறிய என்ஜினுக்கும் பெரிய இழுவை கிடைக்கிறது. இந்த யோசனைக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ் நாட்டுப் பொறியாளர்.

டர்போ ஒரு நிமிடத்தில் ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதன் தண்டு என்ஜின் ஆயிலின் மெல்லிய படலத்தில் மிதந்து சுழல்கிறது. ஆயில் சில நொடிகள் வராவிட்டாலும் தண்டு தேயும்.

என்ஜினின் அளவுகள்

சிலிண்டர்கள்: 4
வால்வுகள்: 16
மொத்தக் கொள்ளளவு: 1248 சிசி, அதாவது சுமார் ஒன்றேகால் லிட்டர்
சிலிண்டரின் குறுக்களவு: 69.6 மில்லிமீட்டர்
பிஸ்டன் நகரும் தூரம்: 82 மில்லிமீட்டர்
திறன்: 75 குதிரைத் திறன், நிமிடத்திற்கு 4000 சுற்றில்
இழுவை: 190 நியூட்டன் மீட்டர், நிமிடத்திற்கு 2000 சுற்றில்

இதே என்ஜினில் 90 குதிரைத் திறன் கொண்ட வகையும் உண்டு.

இழுவை 2000 சுற்றிலேயே முழுமையாகக் கிடைப்பதைக் கவனியுங்கள். இந்த என்ஜினை அலற விட்டு ஓட்ட வேண்டியதில்லை. 2000 சுற்றில் நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து நிமிடத்திற்கு 4000 தடவை டீசல் எரிகிறது. இவ்வளவு உழைக்கும் என்ஜினுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

பராமரிப்பு

1. ஆயில் பாருங்கள். வாரம் ஒரு முறையாவது பாருங்கள். காரைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள். அளவுக் கம்பியை எடுத்துத் துணியால் துடையுங்கள். மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், மிஞ்சினாலும் கெடுதல். ஆயில் கருப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். டீசல் என்ஜினில் ஆயில் சீக்கிரம் கறுத்துவிடும்.

2. ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள். பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அதுவே கணக்கு. காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ஆயில் டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்பது போல எழுதியிருக்கும். புத்தகத்தில் உள்ளதும் டப்பாவில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊற்றும் முன் நீங்களே படித்துப் பாருங்கள். ஆயில் ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள்.

3. ஏர் ஃபில்டரைக் கவனியுங்கள். மண் சாலையில் ஓடும் காருக்குத் தூசி சீக்கிரம் அடையும். ஃபில்டர் கிழிந்தால் தூசி நேராக டர்போவின் சக்கரத்தில் மோதும்.

4. டீசலில் தண்ணீர் சேர விடாதீர்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தங்கும். அதை அவ்வப்போது வடிக்கச் சொல்லுங்கள். தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் திருப்ப வேண்டாம். காரைத் தள்ளிக்கொண்டு போய் டேங்கைக் காலி செய்யுங்கள். டீசலில் உள்ள வழவழப்புதான் பம்பைத் தேயாமல் காக்கிறது. பெட்ரோலில் அது இல்லை. மண்ணெண்ணெய்க் கலப்படமும் கெடுதலே.

5. டர்போவுக்கு ஓய்வு கொடுங்கள். கிளம்பும்போது அரை நிமிடம் என்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாக வந்தால் உடனே அணைக்க வேண்டாம். ஒரு நிமிடம் மெதுவாக ஓட விட்டு அணையுங்கள். ஏன் தெரியுமா? உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்போவோ கொதித்துக் கிடக்கும். தாளிக்கும் கரண்டியில் எண்ணெய் கருகி ஒட்டுவது போல உள்ளே இருக்கும் ஆயில் கருகிவிடும்.

கோளாறுகளும் காரணங்களும்

கரும்புகை: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாய் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்டர் பழுதாகியிருக்கலாம்.

நீலப்புகை: ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

விடாத வெண்புகை: குளிர் காலையில் சிறிது வந்தால் தவறில்லை. சூடான பிறகும் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இழுவை குறைவு: கூடவே ‘உஸ்’ என்ற சத்தம் வந்தால் காற்றுக் குழாயைப் பாருங்கள். குழாயின் விலை குறைவு. அதைப் பார்க்காமல் டர்போவையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்தாலும் இழுவை குறையும். புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு அது. ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடும் கார்களில் கரி அதிகம் சேரும்.

செயின் சத்தம்: இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது. செயின் உண்டு. அதை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம்தான். ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் செயின் நீளும். ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வரும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் செயின் நழுவி என்ஜினே உடையலாம்.

டர்போ பழுது: புது டர்போ போட்டும் சில மாதங்களில் கெட்டுப்போவது உண்டு. காரணம் பெரும்பாலும் டர்போ அல்ல. அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கும். ஆகவே மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய டர்போ ஏன் கெட்டது? ஆயில் குழாயைச் சுத்தம் செய்தீர்களா, மாற்றினீர்களா?

உயிருக்கு ஆபத்து

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே என்ஜினை அணையுங்கள். ‘அடுத்த ஊர் வரை போகலாம்’ என்று நினைக்காதீர்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும்.

மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள். புகை மூச்சை அடைக்கும். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது.

டர்போ சீல் போய் ஆயில் உள்ளே புகுந்தால் சாவியை எடுத்தாலும் என்ஜின் அணையாமல் அலறும். புகை மண்டும். அப்போது காரை நிறுத்திப் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள். மேல் கியர் போட்டுச் சட்டென்று கிளட்சை விடுங்கள். என்ஜின் திணறி நிற்கும். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தூரப் போய்விடுங்கள்.

எழுதி வையுங்கள்

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். காரிலேயே வையுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, ஆன செலவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஆயில் எப்போது மாற்றினோம் என்று நினைவு ஏமாற்றலாம், நோட்டு ஏமாற்றாது. காரை விற்கும்போது அந்த நோட்டைக் காட்டினால் நல்ல விலை கேட்கலாம். பழைய கார் வாங்கப் போனால் நீங்களும் அப்படிப்பட்ட கணக்கைக் கேளுங்கள்.

பயிற்சி

1. ஒரு கார் 42,500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றியது. அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்?
2. நெடுஞ்சாலையில் வேகமாக வந்ததும் என்ஜினை ஏன் உடனே அணைக்கக் கூடாது?
3. உங்கள் ஊரில் ஒரு டீசல் வண்டியின் புகையைக் கவனியுங்கள். அதன் நிறம் என்ன? காரணம் என்னவாக இருக்கலாம்? நான்கு வரிகள் எழுதுங்கள்.