முதியோர் நலனும் வீட்டுக்கு வெளியிலான உறவுகளும்: புறநானூற்றுப் பாடல்கள் இரண்டை முன்வைத்து

முன்னுரை

முதுமை குறித்த தமிழ்ச் சமூகத்தின் பொதுப்பேச்சு பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைகின்றது. பெற்றோரைப் பிள்ளைகள் உடன்வைத்துக் காக்கின்றனரா என்பதே அவ்வினா. கூட்டுக்குடும்பம் சிதைந்தது, முதியோர் இல்லங்கள் பெருகின என்னும் வருத்தம் பட்டிமன்ற மேடைகளிலும் கருத்தரங்குகளிலும் தொடர்ந்து ஒலிக்கின்றது. அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. ஆயினும், மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நாள் முழுதும் பேச ஆளின்றி இருக்கும் முதியவர் இவ்வினாவின் கணக்கில் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் ஏறத்தாழ 10.4 விழுக்காட்டினர், நாடு முழுமைக்கும் அது 8.6 விழுக்காடு. முதியோர் தொகை கூடிவரும் ஒரு மாநிலத்தில், முதுமைக்கு உறுதுணையாகும் உறவு வீட்டினுள் மட்டும் அமைவதா, ஊரளவில் விரிவதா என்னும் வினா ஆராயத்தக்கது. புறநானூற்றுப் பாடல்கள் இரண்டும் அண்மைக்கால முதுமையியல் ஆய்வுகளும் இதற்கு ஒரே திசையில் விடை தருகின்றன.

நரை தோன்றாமைக்குரிய காரணங்கள்

புறநானூற்றின் 191ஆம் பாடல் பிசிராந்தையார் பாடியது. ஆண்டு பல கழிந்தும் நரை தோன்றாதது எவ்வாறு என வினவியோர்க்கு அவர் கூறும் விடையாக அது அமைந்துள்ளது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறைதவறாது காக்கும் வேந்தன் எனக் காரணங்களை அடுக்கிச் செல்லும் புலவர், இவை எல்லாவற்றுக்கும் மேலாக என்று பொருள்தரும் இணைப்பை இட்டு, தாம் வாழும் ஊரில் அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் உளர் என முடிக்கின்றார்.

இப்பாடலை இல்லறச் சிறப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது வகுப்பறை வழக்கம். அது பாடலின் முற்பாதிக்கே பொருந்தும். காரணங்களின் வரிசை வீட்டில் தொடங்கி, தொழில் உறவு, ஆட்சி என விரிந்து, ஊரில் சென்று நிற்கின்றது. அழுத்தமும் இறுதிக் காரணத்தின் மீதே விழுகின்றது. மனைவி மக்களின் இடத்தை ஊர்ச் சான்றோர் நிரப்புவதாகப் புலவர் கூறவில்லை. அவர்கள் இருந்தும் ஊர் தேவைப்படுகின்றது என்பதே அவர் கூற்றிலிருந்து பெறப்படுவது. நேரில் கண்டிராத கோப்பெருஞ்சோழனின் நண்பராகி, அவன் வடக்கிருந்தபோது தாமும் வந்து உடனிருந்தவராகப் போற்றப்படும் புலவரின் வாயிலிருந்து இக்கருத்து வருவது வியப்பன்று. தொல்காப்பியக் கற்பியலும் தலைவன் தலைவியரின் பிற்கால வாழ்வைக் கூறுமிடத்து மக்களோடு அமையாது, அறம்புரியும் சுற்றத்தையும் உடன்சேர்த்தே கூறுகின்றது.

(மன அழுத்தத்திற்கும் நரைக்கும் உள்ள தொடர்பை எலிகளில் மெய்ப்பித்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. அதனைக் கொண்டு பிசிராந்தையாரை அறிவியலாளராக்க வேண்டுவதில்லை. நரையைப் பெரிதும் தீர்மானிப்பது மரபணுவே. பாடலின் மதிப்பு உறவுகளை அது வரிசைப்படுத்தும் முறையில் உள்ளது.)

ஒத்த வயதினரின் இழப்பு

191ஆம் பாடலின் மறுபக்கத்தைத் தொடித்தலை விழுத்தண்டினாரின் 243ஆம் பாடலில் காணலாம். பூண் கட்டிய தண்டை ஊன்றி நிற்கும் முதியவர், இருமலுக்கு இடையே சில சொற்களே பேச இயலும் நிலையில், தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, குளத்தில் மகளிரோடு கைகோத்து ஆடியது, நீர்த்துறையில் தாழ்ந்த மருதக் கிளையில் ஏறிக் கரையிலுள்ளோர் வியக்க மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்தது ஆகியன அவர் நினைவில் எழுகின்றன.

இப்பாடல் இளமை நிலையாமையைப் பாடுவதாகக் கொள்ளப்படுவது தக்கதே. எனினும் அதில் இல்லாதது எது என்பதும் நோக்கத்தக்கது. முதியவர் மனைவியையோ மக்களையோ குறிப்பிடவில்லை. அவர்கள் உளரோ இலரோ, பாடல் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் இழந்ததாக உணர்வது ஒளிவுமறைவு அறியாத, வஞ்சமற்ற ஆயத்தை. உடல் தளர்ச்சியும் தோழமை இழப்பும் ஒரே துயராகப் பின்னிக் கிடக்கின்றன. மடுவில் குதித்ததைக் கண்டு வியக்கக் கரையில் ஆள் இருந்தனர் என்பதும் அந்நினைவின் ஒரு கூறு. ஒருவர் இளைஞராக இருந்ததற்குச் சாட்சிகள் அவர்தம் ஒத்த வயதினரே. அவர்கள் ஒவ்வொருவராக மறையும்போது, எஞ்சியவரைத் தாத்தாவாக அன்றி வேறு எவராகவும் அறிந்தோர் இலராகின்றனர். அன்புடைய மகனாலும் இவ்விடத்தை நிரப்ப இயலாது.

உடனுறைதலும் உறவும்

உறவின் அளவுக்கும் உயிர்வாழ்வுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய தொடக்க ஆய்வுகளுள் ஒன்று, கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 6,928 பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து லிசா பெர்க்மன், லியோனர்ட் சைம் ஆகியோர் 1979இல் வெளியிட்டது. மணவாழ்க்கை, நண்பர் உறவினர் தொடர்பு, வழிபாட்டு அமைப்பில் உறுப்பாண்மை, பிற குழுக்களில் பங்கேற்பு என நான்கு வகை உறவுகளை அவர்கள் கணக்கிட்டனர். உறவு மிகக் குறைந்தோரின் இறப்பு வீதம், உறவு மிக்கோரினும் ஆண்களிடத்து 2.3 மடங்காகவும் பெண்களிடத்து 2.8 மடங்காகவும் இருந்தது. வீட்டில் தொடங்கிக் குழுவில் முடியும் அந்நால்வகை வரிசை 191ஆம் பாடலை நினைவூட்டுவது.

ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் குழுவினரும் 2010இல் 148 ஆய்வுகளை, 3,08,849 பேரின் தரவுகளோடு தொகுத்து ஆராய்ந்தனர். வலுவான உறவுடையோர் உயிர்வாழும் வாய்ப்பு 50 விழுக்காடு மிகுதி என்னும் அதன் பொதுமுடிவே பரவலாக எடுத்தாளப்படுகின்றது. தமிழ்ச் சூழலுக்கு அதனினும் இன்றியமையாதது அவ்வாய்வின் உட்பகுப்பு. ஒருவர் தனியே வாழ்கிறாரா, பிறருடன் வாழ்கிறாரா என்னும் எளிய அளவுகோலைக் கொண்டபோது வாய்ப்பு விகிதம் 1.19 மட்டுமே. பலவகை உறவுகளில் ஒருவர் பிணைந்திருத்தலை அளந்தபோது அது 1.91 ஆக உயர்ந்தது. உடனுறைதல் உறவின் மிக மெலிந்த அடையாளம் என்பது இதனால் புலனாகின்றது. முதியவர் பிள்ளைகளோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்கும் பொதுப்பேச்சு, அளவுகோல்களுள் மிக வலுவற்றதையே கையில் எடுத்துக்கொண்டுள்ளது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். நோயுற்றோர் வெளியே செல்ல இயலாமையால் உறவு குன்றுகின்றதேயன்றி, உறவு குன்றியதால் நோய் வருவதில்லை எனலாமே? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று, இருவழியிலும் விளைவு செல்வது உண்மை. தொடக்கநிலை உடல்நலத்தைக் கணக்கில் கொண்ட பின்னும் தொடர்பு முற்றிலும் மறைவதில்லை என்பதே ஆய்வாளர்களின் விடை.

தொடர்பின்மையும் தனிமையுணர்வும்

தமிழில் தனிமை என்னும் ஒரு சொல்லே இருவேறு நிலைகளைச் சுட்டுகின்றது. ஒருவர்க்குள்ள தொடர்புகள் எண்ணிக்கையில் அருகிப்போதல் ஒன்று; விரும்பிய உறவு கிட்டவில்லை என்னும் மனத்துயர் மற்றொன்று. முன்னதைத் தொடர்பின்மை எனவும் பின்னதைத் தனிமையுணர்வு எனவும் பிரித்து வழங்கல் நலம். இவை எப்போதும் உடன்செல்வன அல்ல. இங்கிலாந்தில் 52 வயதும் அதற்கு மேலும் உடைய 6,500 பேரை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஸ்டெப்டோ குழுவினர் (2013), உடல்நலம் முதலியவற்றை நீக்கிப் பார்த்தபின், தொடர்பின்மையே இறப்போடு இயைபுடையது எனவும் தனிமையுணர்வு அவ்வாறு தனித்து நிற்கவில்லை எனவும் கண்டனர். இதனால் தனிமையுணர்வு சிறு துயர் என்றாகாது. எனக்கென்ன குறை என்று கூறி அமைதியாக இருக்கும் முதியவரிடத்தும் தொடர்பின்மை தீங்கு விளைக்கலாம் என்பதே இதன் பொருள். குறை கூறாமை நலத்தின் சான்றாகாது.

ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையுணர்வையே இரண்டாகப் பகுத்தார். நெருங்கிய ஒருவரை இழந்ததால் வருவது ஒருவகை. சேர்ந்து பழகும் வட்டம் இல்லாமையால் வருவது மற்றொரு வகை. ஒன்றை மற்றொன்றால் ஈடுசெய்ய இயலாது என்பது அவர் துணிபு. துணையை இழந்த தாயைத் தம் நகரத்து அடுக்ககத்திற்கு அழைத்துச் செல்லும் மகன், முதல்வகைத் துயரைத் தணிக்க முயன்று இரண்டாம் வகையை உண்டாக்கிவிடுகின்றான். தெருவும் கோயிலும் அறிந்த முகங்களும் ஒரே நாளில் அவளுக்கு இல்லாமற் போகின்றன.

வீட்டினுள்ளேயே தொடர்பறுவதற்குச் செவிப்புலன் குறைவு எளிய காரணமாகின்றது. இருமுறை சொல்லியும் கேளாதவரிடம் மூன்றாம் முறை சொல்லப்படுவதில்லை. அப்புறம் சொல்கிறேன் என்பதோடு உரையாடல் முடிகின்றது. மறதிநோய் குறித்த லான்செட் ஆணையம், தவிர்க்கத்தக்க காரணிகளின் பட்டியலில் செவிப்புலன் இழப்பையும் சமூகத் தொடர்பின்மையையும் தனித்தனியே வைத்துள்ளது. நடைமுறையில் அவை ஒன்றையொன்று வளர்ப்பன.

சட்டத்தின் எல்லையும் கூடும் இடங்களும்

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பராமரிப்பு என்பதனுள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அடக்குகின்றது. பேச்சுத்துணையைச் சட்டத்தால் ஆணையிட இயலாது என்பது தெளிவு. ஆயின் கூடும் இடங்களை அரசு அமைக்கவும் அழியாமற் காக்கவும் இயலும். திண்ணை வீட்டுக்குள் இருந்தவாறே தெருவோடு உறவுகொள்ள இடந்தந்தது. சாலை விரிவாக்கமும் சுற்றுச்சுவரும் அதனை நீக்கின. தேநீர்க்கடைப் பலகையும் ஆலமரத்தடியும் பெரிதும் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன என்பதையும் மறத்தலாகாது. மணத்தால் ஊர்மாறிய பெண்ணுக்கு இளமைத் தோழியர் முதுமைக்கு முன்பே கைவிட்டுப் போயினர். ஊரக வேலை உறுதித்திட்டப் பணியிடங்கள் வயது முதிர்ந்த பெண்கள் நாள்தோறும் ஒன்றுகூடும் அரிய பொதுவெளியாயின. கூலிக்கணக்கு இப்பயனைப் பதிவதில்லை.

சேவைகளை வீட்டுவாயிலுக்குக் கொண்டுசெல்லும் அண்மைக்காலப் போக்கையும் இந்நோக்கில் ஆராய வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்கள், நடக்க இயலாதோர்க்குப் பெருந்துணை. மாத்திரையோடு வந்து நலம் விசாரிக்கும் பணியாளர், சிலர்க்கு அவ்வாரத்தின் ஒரே விருந்தினராகவும் இருக்கக்கூடும். நடக்க வல்லோர் நிலை வேறு. மருத்துவமனைக்கும் வங்கிக்கும் நியாயவிலைக் கடைக்கும் செல்லும் வழியிலும் வரிசையிலும் அவர்கள் ஒத்த வயதினரைக் கண்டு பேசினர். அலைச்சல் நீங்கும்போது அச்சந்திப்பும் நீங்குகின்றது. அதற்கு மாற்றாக எதனை அமைப்பது என்பதைத் திட்டம் வகுக்கும் நிலையிலேயே எண்ணவேண்டியுள்ளது.