இசைக் குறுந்தகட்டுக் கடைகள் (சேலம், நாமக்கல் மாவட்டங்கள்)

இசைக் குறுந்தகட்டுக் கடை என்பது திரையிசை, பக்தியிசை, கருநாடக இசை, நாட்டுப்புற இசை முதலியவை பதியப்பட்ட குறுந்தகடுகளை விற்கும் சில்லறை வணிக நிலையம் ஆகும். குறுந்தகடு இலங்கைத் தமிழில் இறுவட்டு எனவும், பேச்சு வழக்கில் சிடி எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இத்தகைய கடைகள் பெரும்பாலும் ஒலிநாடாக் கடைகளாகத் தொடங்கி, 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் குறுந்தகட்டுக்கு மாறியவை ஆகும். சேலம், நாமக்கல் சமவெளியின் நகரங்களும் இதற்கு விலக்கல்ல. 2010களில் இவ்வணிகம் பெரிதும் சுருங்கியது. எனினும் பழைய தமிழ் இசைப்பதிவுகள் பலவற்றின் தரமான படி குறுந்தகட்டிலேயே கிடைப்பதால், நல்ல கடையையும் அசல் தகட்டையும் இனங்காண்பது இன்றும் பயனுள்ளதாக உள்ளது.

குறுந்தகடு

குறுந்தகட்டைச் சோனி, பிலிப்சு நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கின. 1982 அக்டோபரில் இது யப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர் ஆகும். தொடக்கத் தரப்படி இதில் ஏறத்தாழ 74 நிமிட ஒலியைப் பதியலாம். ஒலி நொடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கப்பட்டு, ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்டுகளில் எழுதப்படுகிறது. ஊசியோ காந்த முனையோ தகட்டைத் தொடுவதில்லை. லேசர் ஒளியே அதனைப் படிக்கிறது. ஆகவே எத்தனை முறை இயக்கினாலும், இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் போல இது தேய்வதில்லை.

இந்தியாவில் குறுந்தகடுகள் 1980களின் பிற்பகுதியில் அறிமுகமாயின. ஒலிநாடாவைக் காட்டிலும் பல மடங்கு விலை இருந்தமையாலும், இயக்கும் கருவி விலையுயர்ந்ததாக இருந்தமையாலும் அவை நெடுங்காலம் பெருநகர வசதியாகவே இருந்தன.

சேலம், நாமக்கல் பின்னணி

நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்கள் புதிய மாவட்டத்தில் அமைந்தன. நிருவாகம் பிரிந்தபோதிலும், இப்பகுதி மக்களுக்குப் பெரிய வணிக மையமாகச் சேலம் நகரமே தொடர்ந்தது.

தமிழ்த் திரையிசை வரலாற்றில் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. டி. ஆர். சுந்தரம் எனப்படும் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தைத் தொடங்கினார். ஏற்காடு சாலையில் அமைந்திருந்த இப்படப்பிடிப்பு நிலையத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. அவற்றுள் சில:

- மந்திரி குமாரி (1950), இசை: ஜி. இராமநாதன்
- அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), இசை: எசு. தட்சிணாமூர்த்தி
- குமுதம் (1961), இசை: கே. வி. மகாதேவன்
- வல்லவன் ஒருவன் (1966), இசை: வேதா

படப்பிடிப்பு நிலையம் செயல்படாத நிலையில், அதன் முகப்பு வளைவு மட்டும் சாலையோரத்தில் எஞ்சியது. படங்களின் பாடல்கள் அவ்வாறு ஓரிடத்தில் நிற்பவை அல்ல. அவை முதலில் இசைத்தட்டுகளிலும், பின்னர் ஒலிநாடாக்களிலும், இறுதியாகக் குறுந்தகடுகளிலும் கடைகள் வழியாகவே அடுத்த தலைமுறைக்கு வந்தன.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களின் சரக்குந்துத் தொழிலும் இசை வணிகத்துடன் தொடர்புடையது. இரவெல்லாம் வண்டி ஓட்டும் ஓட்டுநர்களுக்குப் பாட்டு உறக்கம் விரட்டும் துணையாகும். ஒலிநாடாக் காலத்தில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் நாடாக்கள் அடுக்கப்பட்டிருப்பது வழக்கம். திருவிழாக்களிலும் திருமணங்களிலும் ஒலிபெருக்கி வைப்போர், தேநீர்க் கடைக்காரர்கள், முடிதிருத்தகத்தார் ஆகியோரும் இக்கடைகளின் முதன்மையான வாடிக்கையாளர்களாக இருந்தனர்.

பதிவு நிலையத்திலிருந்து குறுந்தகட்டுக் கடைக்கு

1970களின் இறுதியிலும் 1980களிலும் தமிழகச் சிறு நகரங்களில் ரெக்கார்டிங் சென்டர் எனப்பட்ட பாடல் பதிவு நிலையங்கள் பெருகின. வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் தம்மிடமிருந்த இசைத்தட்டுகளிலிருந்து அவற்றை 60 அல்லது 90 நிமிட வெற்று நாடாவில் பதிந்து தருவார். 60 நிமிட நாடா ஒன்றில் ஏறத்தாழ 12 முதல் 14 பாடல்கள் அடங்கும். கடையில் படவாரியாகவும் பாடகர்வாரியாகவும் எழுதப்பட்ட குறிப்பேடுகள் இருந்தன. பாட்டின் முதலடியைச் சொன்னால் படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியவற்றைச் சொல்லக்கூடிய கடைக்காரரே நல்ல கடைக்காரர் என மதிக்கப்பட்டார். உரிமையாளரின் இசைவின்றி இவ்வாறு பதிந்து விற்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும். இருந்தும் இம்முறை பரவலாக நிலவியது.

1990களில் நிறுவனங்களே வெளியிட்ட மலிவான ஒலிநாடாக்கள் பெருகின. 1992ல் ஏ. ஆர். ரகுமானின் இசையில் ரோஜா வெளிவந்த பின்னர், ஒலித்தரத்தை விரும்பிய இளைஞரிடையே குறுந்தகட்டின் மீது நாட்டம் கூடியது. பிற்காலத்தில் குறுந்தகட்டு இயக்கிகளும் கணினிகளும் மலிவானபோது, பல கடைகளில் நாடா அடுக்குகளின் இடத்தைத் தகடுகள் பிடித்தன.

2000களில் எம்பி3 தகடுகள் பரவின. 700 மெகாபைட்டு கொள்ளளவுள்ள ஒரு தகட்டில் வழமையான சுருக்க அளவில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை அடக்க முடிந்தது. ஒரு பாடலுக்குப் படிக்க வேண்டிய தரவு குறைவு என்பதால், குலுங்கும் வண்டியிலும் பாட்டு அறுபடாமல் ஒலிக்க வைப்பது எளிதாயிற்று. சரக்குந்துகளில் இவை விரும்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் கடைகளில் விற்ற எம்பி3 தகடுகளில் பெரும்பங்கு திருட்டுப் படிகளே. 2004ல் தமிழ்நாடு அரசு, வழக்கமாகக் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டத்தைத் திருத்தி, திரைப்படத் திருட்டுப் படிகளைத் தயாரிப்போரையும் அதன் வரம்பினுள் கொண்டுவந்தது.

நல்ல கடையின் கூறுகள்

இசைக் கடையின் தரம் அதன் பரப்பளவைச் சார்ந்ததன்று. பின்வருவன முதன்மையானவை:

- வெளியீட்டு நிறுவனம் பற்றிய அறிவு. 1950கள், 1960களின் தமிழ்த் திரையிசையின் பெரும்பகுதி எச்.எம்.வி., கொலம்பியா ஆகிய வணிகப் பெயர்களில் கிராமபோன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அந்நிறுவனம் 2000ல் சரிகம எனப் பெயர் மாறியது. இளையராசாவின் 1980களின் படப்பாடல்கள் பலவற்றை எக்கோ, இன்ரெக்கோ போன்ற நிறுவனங்கள் வெளியிட்டன. எந்தப் படம் எந்த நிறுவனத்துக்கு உரியது என அறிந்த கடைக்காரரால் மட்டுமே கேட்ட தகட்டைத் தருவித்துத் தர இயலும்.

- ஒரே தகட்டில் உள்ள படங்களைப் பற்றிய அறிவு. ஒரு தமிழ்ப் படத்தின் பாடல்கள் பெரும்பாலும் 25 முதல் 30 நிமிடங்களுக்குள் அடங்கும். எனவே 74 நிமிடத் தகட்டில் இரண்டு அல்லது மூன்று படங்கள் சேர்க்கப்பட்டன. முதற்படத்தின் பெயரே பெரிதாக அச்சிடப்படுவதால், தேடும் படம் வேறொரு படத்தின் தகட்டில் மறைந்திருக்கக் கூடும்.

- கேட்டுப் பார்க்க இடமளித்தல். ஒரே பாடல் வெவ்வேறு தொகுப்புகளில் வெவ்வேறு ஒலித்தரத்துடன் வெளிவந்துள்ளது. பழைய பாடல்களை வேறு பாடகர்களைக் கொண்டு மறுபதிவு செய்த தகடுகளும் உண்டு. முன்னதாகக் கேட்டுப் பார்த்தால் இதனைத் தவிர்க்கலாம்.

- மீளத் தருவித்தல். கையிருப்பில் இல்லாத தகட்டைச் சென்னை மொத்த வணிகரிடமிருந்து பெற்றுத் தருவதே சிறு நகரக் கடையின் பெரும் சேவையாக இருந்தது.

இசை வகைக்கேற்ப வாங்கும் இடமும் வேறுபடும். பக்தியிசைத் தகடுகளைக் கோயில் வாயில்களை ஒட்டிய கடைகளிலும் பூசைப்பொருள் கடைகளிலும் காணலாம். சேலத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவும், நாமக்கல்லில் ஆஞ்சநேயர் கோயிலும், திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலும் பெருங்கூட்டம் கூடும் இடங்களாகும். எல். ஆர். ஈசுவரியின் அம்மன் பாடல்கள், டி. எம். சௌந்தரராசனின் முருகன் பாடல்கள், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சட்டிக் கவசம் ஆகியன தமிழகத்தில் இவ்வகையில் நெடுங்காலம் விற்றவை. கருநாடக இசைக்குச் சென்னையே முதன்மைச் சந்தையாகும். சார்சூர், சுவாதி போன்ற நிறுவனங்கள் கச்சேரிப் பதிவுகளைக் குறுந்தகடுகளாக வெளியிட்டன. மார்கழி இசை விழாக் காலத்தில் சபா வளாகங்களில் இவை விற்கப்படுவது வழக்கமாக இருந்தது.

அசல் தகட்டை அறிதல்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52அ பிரிவின்படி, ஒலிப்பதிவை உருவாக்கியவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் தகட்டிலும் உறையிலும் குறிக்கப்பட வேண்டும். இவை இல்லாத தகடு ஐயத்திற்குரியது. வேறு சில அடையாளங்கள்:

- ஆலையில் அச்சிடப்பட்ட தகட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும். கணினியில் எழுதப்பட்ட தகட்டில் சாயப் பூச்சு உள்ளதால் பச்சை, நீலம் அல்லது வெளிர் மஞ்சள் சாயல் தெரியும்.
- நடுத்துளையை அடுத்த வளையத்தில் ஆலையின் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். அனைத்துலக ஒலிப்பதிவுத் தொழிற்கூட்டமைப்பும் பிலிப்சு நிறுவனமும் 1994ல் அறிமுகப்படுத்திய மூலக்குறியீடு பல தகடுகளில் இங்கு காணப்படுகிறது. அதற்கு முந்திய அசல் தகடுகளில் இது இராது.
- அசல் உறையில் பாடலாசிரியர், பாடகர், இசையமைப்பாளர் பெயர்கள் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். ஒளிப்படியெடுத்த உறையில் சிறிய எழுத்துகள் மங்கித் தெரியும்.

பழைய தகட்டை வாங்குதல்

புதிய தகடுகள் அருகிவிட்டதால், பழைய பொருள் கடைகளிலும், மூடப்படும் கடைகளின் எஞ்சிய சரக்கிலும், தனியார் சேகரிப்புகளிலும் தேட வேண்டியுள்ளது. வாங்கும்போது தகட்டை வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் ஒளி எதிர்க்கும் படலம் சிதைந்துள்ளது எனப் பொருள். அப்படலம் பெயர் அச்சிடப்பட்ட பக்கத்துக்கு மிக அருகில் உள்ளது. ஆகவே அடிப்பக்கக் கீறலை விட மேற்பக்கக் கீறலே ஆபத்தானது. அடிப்பக்கத்தில், மையத்திலிருந்து விளிம்பை நோக்கிய கீறலை இயக்கி பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். வட்டமாகச் செல்லும் கீறல் பாட்டைத் தடுக்கும். துடைக்கும்போதும் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். கணினியில் எழுதப்பட்ட தகடுகளின் சாயம் வெப்பத்தாலும் ஒளியாலும் கெடும் என்பதால், கோடை வெயில் கடுமையான இப்பகுதியில் அவற்றை வண்டிக்குள் விட்டுவைத்தல் கூடாது.

வீழ்ச்சி

முதலில் எம்பி3 தகடும், பின்னர் கைபேசியும் இவ்வணிகத்தைத் தாக்கின. கைபேசிக் கடைகளில் நினைவக அட்டையில் நூற்றுக்கணக்கான பாடல்களை ஏற்றித் தரும் வழக்கம் உருவானது. இது பழைய பதிவு நிலையத்தின் மறுவடிவம் எனலாம். ஆயினும் பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் பணி இதில் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின்னர் கைபேசித் தரவு மலிந்து, இணையவழிக் கேட்டல் சிற்றூர்களையும் எட்டியது. 2017ல் சரிகம நிறுவனமே 5,000 பாடல்கள் முன்பதியப்பட்ட கார்வான் என்னும் கருவியை வெளியிட்டது.

பெருநகரக் கடைகளும் தப்பவில்லை. கொல்கத்தா பார்க் தெருவிலிருந்த மியூசிக் வேர்ல்டு 2013லும், மும்பையின் ரிதம் அவுசு 2016லும் மூடப்பட்டன. இதற்கு மாறாக யப்பானில் இசைத்தகட்டுக் கடைகள் நிலைத்துள்ளன. அமெரிக்காவில் 2006ல் கடைகளை மூடிய டவர் ரெக்கார்ட்சு, யப்பானில் தனி நிறுவனமாகத் தொடர்ந்து இயங்குகிறது.

காப்பு நோக்கில் முக்கியத்துவம்

இணையச் சேவைகளில் உள்ள பழைய தமிழ்ப் பாடல்களில் பாடலாசிரியர் பெயர் விடுபடுவதும், பாடகர் பெயர் தவறாக இடம்பெறுவதும் உண்டு. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் பாடல்கள் முன்னறிவிப்பின்றி நீக்கப்படவும் கூடும். சிறு நிறுவனங்கள் குறைந்த படிகளில் வெளியிட்ட நாட்டுப்புறப் பாடல்கள், கதைப்பாடல்கள், உள்ளூர்க் கோயில் பாடல்கள் ஆகியவற்றுள் பல இணையத்திற்கு வரவேயில்லை. அவற்றை வெளியிட்ட நிறுவனம் மறைந்துவிட்டால், வீடுகளிலும் கடைகளிலும் எஞ்சிய நாடாவும் தகடுமே மூலங்களாகின்றன.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதன்படி மந்திரி குமாரி இசைத்தட்டுகள் போன்ற 1950ஆம் ஆண்டு வெளியீடுகளின் ஒலிப்பதிவு உரிமை 2010ன் இறுதியில் முடிந்தது. பாடல் வரிக்கும் இசையமைப்புக்கும் உள்ள உரிமை தனியானது. அது படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை தொடரும்.

ஆகவே, கடை மூடப்படும்போது அசல் தகடுகளோடு உறைகளையும் கடைக்காரரின் பாடல் குறிப்பேடுகளையும் சேர்த்துக் காத்தல் விரும்பத்தக்கது. எந்தப் பாடல் எந்தத் தகட்டில் வந்தது, எந்த ஊரில் எது விரும்பிக் கேட்கப்பட்டது என்னும் செய்திகள் பெரும்பாலும் அக்குறிப்பேடுகளில் மட்டுமே உள்ளன.